ரோமை எதிர்த்து மூன்று முறை: யூதக் கிளர்ச்சிகள் ஓர் அறிமுகம்

எருசலேமைச் சுற்றி இருந்த யூதர்களின் நாடான யூதேயா என்றதும் நம்மில் பலருக்குச் சில முகங்கள் நினைவுக்கு வரும். கை கழுவும் பொந்தியு பிலாத்து, ஊரே வெறுத்த ஆயக்காரர்கள், 'இராயனுக்குரியதை இராயனுக்குக் கொடுங்கள்' என்ற பதில். அதோடு அந்த நாடு நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. யூதர்கள் மறுபடி நம் பேச்சுக்குள் வருவது ஹிட்லர் காலத்தில்தான். நடுவில் என்ன ஆனது, எருசலேமில் இருந்த அந்தப் பெரிய கோயில் எங்கே போனது என்று கேட்டால், 'ரோமர்கள் இடித்துவிட்டார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம்.

அந்த ஒரு வரிக்குள் எழுபது வருடக் கதை இருக்கிறது. யூதர்கள் ரோமை எதிர்த்துப் பெரிய அளவில் மூன்று முறை எழுந்தார்கள். முதலாவது கி.பி. 66-இல் தொடங்கி 73 அல்லது 74 வரை நீண்டது. இரண்டாவது 115 முதல் 117 வரை. மூன்றாவது 132 முதல் 135 வரை. மூன்றையும் ஒரே போரின் மூன்று பாகங்களாக நினைத்துக்கொள்வதுதான் புதிதாகப் படிப்பவர்களுக்கு வரும் முதல் குழப்பம். இடம் வேறு, ஆட்கள் வேறு, கோபத்தின் காரணமும் வேறு. அவை நமக்குத் தெரியவந்த வழியும்கூட வேறுதான். முதல் போரை, எதிரணிக்குப் போய்ச் சேர்ந்த ஒருவர் எழுதிவைத்தார். இரண்டாவதை யாருமே முழுசாக எழுதிவைக்கவில்லை. மூன்றாவதில் கலகத் தலைவரின் சொந்தக் கடிதங்களே குகையிலிருந்து கிடைத்தன. சொல்பவர் யார் என்பதில் ஒரு கண் வைத்துக்கொண்டே படிப்பது நல்லது.

ஒரு வேற்றுமை உருபில் தொங்கிய சமாதானம்

ரோம் உள்ளே வந்தது கி.மு. 63-இல். அரியணைக்காக அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சாயத்துக்கு வந்த ரோமத் தளபதி பாம்பே, எருசலேமைப் பிடித்துக்கொண்டார். கோயிலின் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ளும் நுழைந்து பார்த்தார். தலைமைக் குரு மட்டும், அதுவும் வருடத்தில் ஒரே ஒரு நாள், போகக்கூடிய இடம் அது. உள்ளே சிலை எதுவும் இல்லை. ரோமர்களுக்கு இது கடைசிவரை புரியாத விஷயமாகவே இருந்தது.

அதன்பின் ரோம் தன் ஆளாக ஏரோதை ராஜாவாக்கியது. கொடுமைக்காரர் என்று பெயரெடுத்தவர், ஆனால் கட்டடம் கட்டுவதில் அவருக்கு ஈடு இல்லை. எருசலேம் கோயிலைப் பிரம்மாண்டமாக விரித்துக் கட்டியவர் அவர்தான். இன்று யூதர்கள் நின்று பிரார்த்திக்கும் மேற்குச் சுவர், அவர் கோயிலுக்காக எழுப்பிய மேடையின் தாங்குசுவர்.

ரோமுக்கும் யூதர்களுக்கும் நடுவில் ஒரு விநோதமான ஏற்பாடு இருந்தது. பேரரசின் மற்ற ஊர்களில் மக்கள் பேரரசரின் சிலைக்கு முன் பலி கொடுத்து விசுவாசத்தைக் காட்டினார்கள். யூதர்கள் அதைச் செத்தாலும் செய்ய மாட்டார்கள். ஆகவே, பேரரசருக்குப் பலி கிடையாது, பேரரசருக்காக எங்கள் கடவுளிடம் தினமும் பலி செலுத்துகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். 'க்கு' என்பதற்கும் 'க்காக' என்பதற்கும் இடையில் பல பத்தாண்டுகள் ஒரு சமாதானம் தொங்கிக்கொண்டிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போர் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

கி.பி. 6-இல் யூதேயாவை ரோம் நேரடி ஆட்சிக்குக் கொண்டுவந்தது. வரி போட வேண்டுமென்றால் முதலில் ஆளையும் நிலத்தையும் எண்ண வேண்டும். சிரியாவின் ஆளுநர் சிரேனியு அந்தக் கணக்கெடுப்பை நடத்தினார். தமிழ் பைபிள் 'குடிமதிப்பு' என்று அழகாகச் சொல்லும் விஷயம். (லூக்கா நற்செய்தியில் இயேசு பிறந்தபோது வரும் குடிமதிப்பு இதுதானா என்பது ஆய்வாளர்களின் தீராத வழக்கு. நாம் அதற்குள் போக வேண்டாம்.) கலிலேயாவைச் சேர்ந்த யூதாஸ் என்பவர் இதை எதிர்த்துக் கிளம்பினார். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் இவர் இல்லை. கடவுளைத் தவிர எங்களுக்கு வேறு எஜமான் கிடையாது, எண்ணிக்கைக்குத் தலைகொடுப்பதே அடிமைச் சீட்டில் கையெழுத்துப் போடுவதுதான் என்பது அவர் வாதம். அந்தக் கலகம் அடங்கிவிட்டது. வாதம் அடங்கவில்லை.

பிறகு வந்த ஆளுநர்களில் பலர், எதைத் தொட்டால் வெடிக்கும் என்று தெரியாமலோ தெரிந்தேயோ தொட்டவர்கள். பிலாத்து, பேரரசரின் உருவம் பொறித்த கொடிக்கம்பங்களை ராத்திரியோடு ராத்திரியாக எருசலேமுக்குள் கொண்டுவந்தார். மக்கள் செசரியாவுக்கு நடந்துபோய் அவர் மாளிகை முன் நாள்கணக்கில் கிடந்தார்கள். வாள்வீரர்களை வைத்து மிரட்டியபோது கழுத்தை நீட்டிக்கொண்டு தரையில் படுத்துவிட்டார்கள். கடைசியில் கொடிக்கம்பங்கள் திரும்பிப் போயின. பேரரசர் கலிகுலா தன் சிலையைக் கோயிலுக்குள்ளேயே வைக்கச் சொன்னபோது, சிரியாவின் ஆளுநர் பெட்ரோனியஸ் வேண்டுமென்றே வேலையை இழுத்தடித்தார். 41-இல் கலிகுலா கொலையானதால் அந்தக் கண்டம் தப்பியது.

மதம் மட்டும்தான் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. 60-களின் முற்பகுதியில் கோயில் வேலை முடிந்தபோது 18,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. நகரத் தெருக்களுக்கு வெள்ளைக்கல் பாவும் வேலை கொடுத்து அவர்களைச் சமாளித்தார்கள். கடனில் மூழ்கிய விவசாயிகள், குருமார் குடும்பங்களின் செல்வம், கூட்டத்தில் கலந்து நின்று அங்கிக்குள்ளிருந்து குறுவாளை உருவிக் குத்திவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்து 'ஐயோ' என்று கத்தும் சிக்காரிகள் என்ற கொலைக்குழு. இதையெல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

66: கூடை ஏந்திய இளைஞர்கள்

பொறி விழுந்தது செசரியாவில். கிரேக்கரும் யூதரும் முறைத்துக்கொண்டு வாழ்ந்த துறைமுக நகரம் அது. யூதர்களின் ஜெபக்கூடத்துக்கு அடுத்த நிலம் ஒரு கிரேக்கருக்குச் சொந்தம். அவர் அங்கே பட்டறைகள் கட்டி, வழியைக் குறுக்கிவிட்டார். அதை நிறுத்த யூதர்கள் ஆளுநர் ஃபுளோரஸுக்கு எட்டுத் தாலந்து (வெள்ளியை நிறுக்கும் ஒரு பெரிய எடை) லஞ்சம் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே கிளம்பிப் போய்விட்டார்! அடுத்த ஓய்வுநாளில் ஜெபக்கூடத்து வாசலில் ஒருவன் பானையைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் பறவைகளைப் பலியிட்டு வம்புக்கு இழுத்தான். அடிதடி.

இந்தச் சூட்டிலேயே ஃபுளோரஸ் எருசலேம் கோயில் கருவூலத்திலிருந்து 17 தாலந்து வெள்ளியை எடுத்துக்கொண்டார். நகரத்து இளைஞர்கள் சிலர் கையில் கூடை ஏந்தி, 'பாவம் ஃபுளோரஸ், ஏழை, பிச்சை போடுங்கள்' என்று தெருத்தெருவாகப் போனார்கள். கேலி தாங்காத ஆளுநர் படையை ஏவினார். சந்தை சூறையாடப்பட்டது, ரோமக் குடியுரிமை பெற்ற யூதர்கள்கூடச் சிலுவையில் அறையப்பட்டார்கள்.

அப்போது கோயில் காவல் தலைவராக இருந்த எலெயாசர் என்ற இளைஞர் ஒரு காரியம் செய்தார். வெளியாட்களின் காணிக்கைப் பலிகளை இனி ஏற்பதில்லை என்று அறிவித்தார். அதாவது பேரரசருக்காகச் செலுத்தப்பட்டுவந்த தினசரி பலி நின்றது. வாள் உருவாமலே செய்யப்பட்ட போர்ப் பிரகடனம் அது. இந்த எலெயாசர் ஏழைக் குடியானவர் இல்லை, முன்னாள் தலைமைக் குருவின் மகன். அவரோடு சேர்ந்தவர்கள் நகரத்தின் கடன்பத்திரக் காப்பகத்தைக் கொளுத்தினார்கள். சீக்கிரமே சிக்காரிகளின் தலைவர் மெனாகேம் எலெயாசரின் தந்தையைக் கொன்றார், எலெயாசரின் ஆட்கள் மெனாகேமைக் கொன்றார்கள். போரின் முதல் அத்தியாயத்திலேயே கலகக்காரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

அடக்க வந்த சிரிய ஆளுநர் செஸ்தியஸ் காலஸ் எருசலேம் மதில்வரை வந்துவிட்டு ஏனோ திரும்பினார். பெத்கோரோன் கணவாயில் யூதர்கள் மேலிருந்து தாக்க, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ரோம வீரர்கள் மாண்டார்கள். அந்த வெற்றிதான் வினையாகப் போனது என்று எனக்குத் தோன்றும். அதுவரை தயங்கி நின்றவர்களும் இறங்கிவிட்டார்கள். பழைய எபிரேய எழுத்தில் 'பரிசுத்த எருசலேம்' என்று பொறித்து, ஆண்டு ஒன்று, ஆண்டு இரண்டு என்று எண்ணி, சொந்த வெள்ளிக்காசும் அடித்தார்கள்.

ஜோசிபஸ் என்ற சிக்கல்

முதல் போரைப் பற்றி நான் இவ்வளவு விவரமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் ஒரே ஒரு மனிதர். பிறப்பால் யோசேப்பு, குருமார் குடும்பம், பிறந்தது 37-இல். கலகக்காரர்கள் இவரைக் கலிலேயாவுக்குத் தளபதியாக அனுப்பினார்கள். 67-இல் பேரரசர் நீரோ அனுப்பிய தளபதி வெஸ்பாசியன் படையோடு வந்தபோது, யோத்பாத் என்ற ஊரில் இவர் 47 நாள் முற்றுகையைத் தாங்கினார். ஊர் விழுந்ததும் நாற்பது பேரோடு ஒரு குகையில் பதுங்கினார். பிடிபடுவதைவிடச் சாவோம் என்றார்கள் மற்றவர்கள். சீட்டுப் போட்டு ஒருவரை ஒருவர் கொல்வோம் என்று வழி சொன்னவர் இவர். கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர். அதில் ஒருவர் யார் என்று நான் சொல்லவே வேண்டியதில்லை. தெய்வச்செயலோ தற்செயலோ என்று அவரே எழுதிக்கொள்கிறார்.

ரோமர்களிடம் சரணடைந்து, வெஸ்பாசியனைப் பார்த்து, நீங்கள் பேரரசராவீர்கள் என்று குறி சொன்னார். 68-இல் நீரோ செத்தார். 69-இல் ஒரே வருடத்தில் நான்கு பேரரசர்கள், நான்காவது ஆள் வெஸ்பாசியன். குறி பலித்தது. யோசேப்புக்கு விடுதலை, ரோமக் குடியுரிமை, உதவித்தொகை, ரோமில் வெஸ்பாசியனின் பழைய வீட்டிலேயே ஜாகை. பேரரசர் குடும்பத்தின் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டு ஃபிளாவியஸ் ஜோசிபஸ் ஆனார். அந்த வீட்டில் உட்கார்ந்து எழுதியதுதான் யூதப் போர் வரலாறு.

ஆகவே அவரைப் படிக்கும்போது மூன்று பேருக்காக அவர் வாதாடுவதைக் கவனிக்க வேண்டும். தன்னை வாழவைத்த ரோமத் தளபதிகள் நல்லவர்கள். யூத மக்களும் நல்லவர்கள், ஒரு சில வெறியர்கள் கெடுத்துவிட்டார்கள். நான் துரோகி இல்லை. இந்த மூன்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால், நிலவியலிலும் படை அசைவிலும் அவர் பெரும்பாலும் நம்பத்தக்கவர். எண்ணிக்கையில் நம்ப முடியாதவர். எருசலேமில் 11 லட்சம் பேர் செத்தார்கள் என்கிறார். அந்தக் காலத்து நகரத்தில், விழாக் கூட்டத்தையே சேர்த்தாலும், அவ்வளவு பேர் நிற்க இடம் இருந்திருக்காது.

70: நகரத்துக்குள் இன்னொரு போர்

வெஸ்பாசியன் அரியணையேறப் போனதும், படை அவர் மகன் டைட்டஸ் கைக்கு வந்தது. 70-இன் வசந்தத்தில் நான்கு லீஜியன்கள், அதாவது ரோமின் பெரும் படைப்பிரிவுகள், எருசலேமைச் சூழ்ந்தன. பஸ்கா பண்டிகைக்கு வந்த யாத்திரிகர்களும் உள்ளே சிக்கிக்கொண்டார்கள்.

உள்ளே நிலைமை அதைவிட மோசம். நகரம் மூன்று கோஷ்டிகளாகப் பிரிந்திருந்தது. கோயிலின் உட்பகுதி ஒருவர் கையில், வெளிப்பிராகாரம் கலிலேயாவிலிருந்து ஓடிவந்த கிஸ்காலா ஊர் யோவான் கையில், மேல்நகரம் சீமோன் பார் கியோரா கையில். ஒருவரை ஒருவர் பட்டினி போடப் பல வருடங்களுக்கு வரும் தானியக் கிடங்குகளைக் கொளுத்திக்கொண்டார்கள். ஜோசிபஸ் மட்டும் இதைச் சொல்லியிருந்தால் சந்தேகப்படலாம். பிற்கால யூத மரபான தால்மூதும் இதையே சொல்லி வருந்துகிறது, ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் சொல்கிறார்.

ரோமர்கள் நகரைச் சுற்றித் தங்கள் பங்குக்கு ஒரு மதிலை மூன்றே நாளில் எழுப்பினார்கள். அதன்பின் பசிதான் போரை நடத்தியது. ஆகஸ்டில் கோயில் எரிந்தது. டைட்டஸ் காப்பாற்ற நினைத்தார், ஒரு வீரன் வீசிய கொள்ளியால் தீப்பிடித்தது என்று ஜோசிபஸ் சொல்கிறார். மேலே சொன்ன மூன்றில் முதலாவதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். டைட்டஸ்தான் எரிக்கச் சொன்னார் என்று வேறொரு பழைய மரபும் உண்டு. செப்டம்பரில் நகரம் முழுதும் விழுந்தது. கோயில் எரிந்ததன் நினைவாக யூத நாட்காட்டியில் ஆவ் மாதம் ஒன்பதாம் நாள் இன்றும் உபவாச நாள்.

ரோமின் டைட்டஸ் வளைவில் இன்றும் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். கோயிலின் ஏழு கிளை விளக்குத்தண்டை வீரர்கள் தோளில் சுமந்து ஊர்வலம் போகிறார்கள். அந்த வெற்றி ஊர்வலத்தின் முடிவில் சீமோன் பார் கியோரா கொல்லப்பட்டார். கொலோசியம் கட்டவும் இந்தக் கொள்ளைப் பணம் உதவியது.

தோல்வியைவிட வலித்தது ஒரு வரி என்று சொன்னால் மிகையாகாது. உலகெங்கும் இருந்த யூத ஆண்கள் கோயிலுக்கு வருடந்தோறும் அரைச் சேக்கல் வெள்ளிக்காசு அனுப்புவது வழக்கம். கோயில் இல்லாமல் போனபின், அதே தொகையை ரோமின் ஜூபிடர் கோயிலுக்குக் கட்டச் சொன்னார் வெஸ்பாசியன். கலகத்தோடு சம்பந்தமே இல்லாத ஊர்களில் இருந்தவர்களும் கட்ட வேண்டும், பெண்களும் சிறுவர்களும்கூட. பேரரசர் டொமிஷியன் காலத்தில், தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவரின் உடையை நீக்கி, விருத்தசேதனம் ஆனவரா என்று நிறைந்த சபையில் சோதித்ததைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்ததாக ரோம எழுத்தாளர் சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார்.

யூதர்கள் தங்களுக்குள் இந்த அழிவுக்குச் சொல்லிக்கொண்ட கதை வேறு மாதிரி. எருசலேமில் ஒருவர் விருந்து வைத்தார். அவருக்குக் கம்சா என்று நண்பர், பார் கம்சா என்று பகைவர். வேலைக்காரன் பெயர் மாறி பகைவரை அழைத்துவந்துவிட்டான். வந்தவர், என்னை அவமானப்படுத்தாதே, என் சாப்பாட்டுக்குக் காசு தருகிறேன் என்றார். விருந்து வைத்தவர் மறுத்தார். பாதி விருந்துச் செலவு, முழு விருந்துச் செலவு என்று கெஞ்சியும் கையைப் பிடித்து வெளியே தள்ளினார். பெரியவர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். பார் கம்சா நேரே ரோமப் பேரரசரிடம் போய், யூதர்கள் உங்களுக்கு எதிராகக் கிளம்புகிறார்கள், வேண்டுமானால் ஒரு பலி அனுப்பிப் பாருங்கள் என்றார். அனுப்பிய கன்றின் உதட்டில் வழியிலேயே ஒரு பழுது உண்டாக்கிவிட்டார். பழுதான பிராணியைப் பலியிட முடியாதென்று கோயிலில் மறுத்தார்கள். போர் வந்தது. இதை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஜோசிபஸின் கணக்கும் இந்தப் பாட்டிக் கதையும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. பேரரசரின் பலியை மறுத்த அந்த நாளில்.

பலி கொடுக்க இடமில்லாத மதம் அழிந்துபோயிருக்க வேண்டும். யோகனான் பென் சக்காய் என்ற ஞானி, செத்தவர்போல் சவப்பெட்டியில் படுத்து முற்றுகையிலிருந்து வெளியேறி, ரோமர்களிடம் யவ்னே என்ற ஊரைக் கேட்டு வாங்கினார் என்பது மரபு. அங்கே கூடியவர்கள் பலிக்குப் பதில் ஜெபம், பலிபீடத்துக்குப் பதில் பாடசாலை என்று வழியை மாற்றினார்கள். கோயிலை நம்பி நின்ற குருமார் கட்சியான சதுசேயர் மறைந்தார்கள். வேத விளக்கத்தை முன்னிறுத்திய பரிசேயர் வழிவந்த ரபீக்கள், அதாவது யூத வேத ஆசிரியர்கள், நிலைத்தார்கள்.

நம் பக்கத்துக் கடற்கரைக்கும் இதில் ஒரு நூலிழை உண்டு. கோயில் இடிந்தபின் தங்கள் முன்னோர் கப்பலேறி முசிறிப் பக்கம் வந்து இறங்கினார்கள் என்பது கொச்சி யூதர்களின் வாய்மொழி மரபு. அங்கே அவர்கள் இருந்ததற்கு வட்டெழுத்துச் செப்பேட்டுச் சான்று கிடைப்பது சுமார் கி.பி. 1000-இல்தான்.

மசாடாவைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். சாக்கடலோரப் பாறைக்கோட்டை, ரோமர்கள் கட்டிய சாய்தளம், பிடிபடாமல் தற்கொலை செய்துகொண்ட 960 பேர், ஒளிந்து தப்பிய இரண்டு பெண்களும் ஐந்து குழந்தைகளும். தலைவர் எலெயாசர் பென் யாயிர், குடிமதிப்பை எதிர்த்த அந்தக் கலிலேய யூதாஸின் வம்சம். சாய்தளமும் சுற்றியிருந்த எட்டு ரோம முகாம்களின் தடமும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. தற்கொலை நடந்த விதம் ஜோசிபஸ் ஒருவர் சாட்சியில் மட்டும் நிற்கிறது. அதே ஜோசிபஸ், இதே கோட்டைக்காரர்கள் ஒரு பண்டிகை ராத்திரியில் பக்கத்து யூத ஊரான எங்கேதிக்குள் புகுந்து 700-க்கும் மேற்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதாகவும் எழுதுகிறார். முதல் பாதியை நம்புகிறவர்கள் இரண்டாம் பாதியையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

115: பெயர்கூடச் சரியாக நிற்காத போர்

இரண்டாவது கிளர்ச்சி யூதேயாவிலேயே தொடங்கவில்லை. பேரரசர் டிராஜன் கிழக்கே ஈரானியப் பேரரசான பார்த்தியாவோடு போரில் இருந்தபோது, இன்றைய லிபியாவின் சிரேனே, எகிப்து, சைப்ரஸ் என்று வெளிநாடுகளில் வாழ்ந்த யூதர்கள் எழுந்தார்கள். கிரேக்க அண்டைவீட்டாருக்கும் அவர்களுக்கும் நடுவில் தலைமுறைப் பகை. தலைவரின் பெயரை ஒரு பழைய ஆசிரியர் லுகுவாஸ் என்கிறார், இன்னொருவர் ஆந்திரேயா என்கிறார். நமக்குத் தெரிவது எவ்வளவு குறைவு என்பதற்கு இதுவே போதும். சிரேனேயில் 2,20,000 பேரும் சைப்ரஸில் 2,40,000 பேரும் கொல்லப்பட்டார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டயோ எழுதும் எண்கள் பீதியின் எண்கள்.

மீதியைக் கல்லும் காகிதமும்தான் சொல்கின்றன. 'யூதக் கலவரத்தில்' சிதைந்த சாலையையும் கட்டடங்களையும் அடுத்த பேரரசர் ஹேட்ரியன் சரிசெய்ததாகச் சிரேனே கல்வெட்டுகள் கூறுகின்றன. எகிப்தின் ஓக்சிரிங்கஸ் என்ற ஊரில் யூதர்களை வென்ற நாளை சுமார் எண்பது வருடம் கழித்தும் விழாவாகக் கொண்டாடியதைப் பாப்பிரஸ் ஏடு ஒன்று காட்டுகிறது. அலெக்சாந்திரியாவின் பெருமைமிக்க யூத சமூகம் அதன்பின் பல தலைமுறைக்குத் தலைதூக்கவில்லை. மெசபொத்தேமியாவில் அடக்கியவர் லூசியஸ் கியேத்தஸ் என்ற தளபதி. அவர் பெயர் யூதர் வாயில் தேய்ந்து 'கித்தோஸ் போர்' ஆனது.

132: நட்சத்திரத்தின் மகன், பொய்யின் மகன்

ஹேட்ரியன் சுமார் 130-இல் யூதேயாவுக்கு வந்தார். அறுபது வருடமாக இடிபாடாகக் கிடந்த எருசலேமை ரோம நகரமாக, ஏலியா கேப்பிட்டோலினா என்ற புதுப்பெயரில் கட்டுவது அவர் திட்டம். கோயில் என்றாவது ஒருநாள் திரும்ப எழும் என்று காத்திருந்தவர்களுக்கு இது கதவைச் சுவராக்கியது. விருத்தசேதனத்தையும் தடைசெய்தார் என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. அது போருக்கு முன்னா பின்னா என்பதில் அறிஞர்கள் பிரிந்து நிற்கிறார்கள்.

இந்த முறை கோஷ்டிகள் இல்லை. ஒரே தலைவர், சீமோன். மாபெரும் ரபீயான அக்கிபா, 'ஒரு நட்சத்திரம் யாக்கோபிலிருந்து உதிக்கும்' என்ற வேத வசனத்தை அவர்மேல் பொருத்தி, பார் கோக்பா, நட்சத்திரத்தின் மகன், என்று அழைத்தார். தோற்றபின் மற்ற ரபீக்கள் பார் கோஸிபா, பொய்யின் மகன், என்றார்கள். அவருடைய உண்மைப் பெயர் என்ன என்று 1,800 வருடம் யாருக்கும் நிச்சயமில்லை. 1950-களின் தொடக்கத்திலும் 1960-இலும் சாக்கடல் அருகே குகைகளில் அவருடைய கடிதங்களே கிடைத்தன. பெயர் சீமோன் பார் கோசிபா. கோசிபா என்பது வசைச்சொல்லே இல்லை. ஓர் எழுத்தைத் தட்டினால் நட்சத்திரம், இன்னொன்றைத் தட்டினால் பொய்.

கடிதங்களில் கடவுள் அனுப்பும் மீட்பரான மேசியாவின் பிரசங்கத்தைத் தேடினால் ஏமாந்துபோவோம். ஒரு கறாரான மேலாளரின் குரல்தான் கேட்கிறது. எங்கேதியில் இருந்த தன் அதிகாரிகளுக்கு, நீங்கள் இஸ்ரேல் வீட்டுச் சொத்தில் உட்கார்ந்து தின்றுகுடிக்கிறீர்கள், சகோதரர்களைப் பற்றிக் கவலையில்லை என்று திட்டி எழுதுகிறார். இன்னொருவருக்கு, சொன்னபடி செய்யாவிட்டால் காலில் விலங்கு மாட்டுவேன் என்கிறார். போர் உச்சத்தில் இருக்கும்போது ஒரு கடிதம் கூடாரப் பண்டிகைக்கு ஏற்பாடு செய்கிறது. இரண்டு கழுதைகளை அனுப்பியிருக்கிறேன், பேரீச்ச ஓலையும் நார்த்தம்பழமும் ஏற்றி முகாமுக்கு அனுப்பு, அங்கிருந்து மிருதுச் செடியும் ஆற்றலரியும் கொண்டுவரச் செய், தசமபாகம் (கடவுளுக்கான பத்தில் ஒரு பங்கு) எடுத்துவிட்டு அனுப்பு, ஆட்கள் நிறையப் பேர். சாவை எதிர்பார்த்திருந்த படை, பழத்துக்குத் தசமபாகம் கழித்ததா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தது.

ரோமக் காசுகளின் மேலேயே மறுமுத்திரை அடித்துக் காசு வெளியிட்டார்கள். பேரரசரின் முகத்தின்மேல் கோயிலின் முகப்பு. சில காசுகளில் ரோமரின் உருவம் அடியில் மங்கலாக இன்னும் தெரியும். மலையடிவாரக் கிராமங்களில் வீடுகளுக்குக் கீழே சுரங்க அறைகளையும், தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய வழிகளையும் வெட்டினார்கள். நூற்றுக்கணக்கில் அவை அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. நேருக்கு நேர் நின்றால் லீஜியனை ஜெயிக்க முடியாது என்ற பாடம் படித்திருந்தார்கள்.

ஹேட்ரியன் தன் சிறந்த தளபதியான ஜூலியஸ் செவெரஸைப் பிரிட்டனிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. அவர் பெரும்போர் எதுவும் செய்யவில்லை. ஊர் ஊராகச் சுற்றிவளைத்து, உணவை அறுத்து, மெல்ல நெரித்தார். 50 கோட்டைகள், 985 கிராமங்கள், போரில் மட்டும் 5,80,000 உயிர்கள் என்பது டயோவின் கணக்கு. எண்களைப் பாதியாகக் குறைத்தாலும், யூதேயாவின் மலைநாடு ஆளில்லாமல் போனதை அகழாய்வுகள் மறுக்கவில்லை. ரோமர்களும் ஏராளமாக இழந்திருந்தார்கள். செனட்டுக்கு எழுதும்போது 'நானும் படையும் நலம்' என்ற வழக்கமான தொடக்க வரியை ஹேட்ரியன் விட்டுவிட்டார் என்று டயோ குறிக்கிறார். 135-இல் எருசலேமுக்குத் தென்மேற்கே பெத்தார் கோட்டை விழுந்தது, பார் கோசிபா அங்கே இறந்தார். அக்கிபாவும் ரோமர் கையில் கொல்லப்பட்டார்.

மாகாணத்தின் பெயர் யூதேயா என்பதிலிருந்து சிரியா பாலஸ்தீனா ஆனது. எருசலேமுக்குள் யூதர் நுழையத் தடை வந்தது. ஆனால் 'அன்றோடு ரோமர்கள் யூதர்கள் எல்லோரையும் நாடுகடத்திவிட்டார்கள்' என்பது சரியில்லை. முதல் கிளர்ச்சிக்கு முன்பே பெரும் எண்ணிக்கையில் யூதர்கள் பாபிலோனிலும் எகிப்திலும் ரோமிலும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 135-க்குப் பின்னும் கலிலேயாவில் ஊர் ஊராக இருந்தார்கள். யூதச் சட்ட மரபின் அடித்தளமான மிஷ்னா, சுமார் 200-இல் அங்கேதான் தொகுக்கப்பட்டது.

கடிதங்கள் கிடைத்த அதே குகையில், 1961-இல் ஒரு தோல்பையும் கிடைத்தது. பாபத்தா என்ற பெண்ணின் 35 ஆவணங்கள், கட்டிப் பத்திரமாக வைத்தபடி. சாக்கடலின் தென்கரையில் பேரீச்சந்தோப்புகள் வைத்திருந்தவர், இரண்டு முறை விதவையானவர், விடாமல் வழக்காடியவர். தன் அனாதை மகனுக்குக் காப்பாளர்கள் மாதம் இரண்டு தெனாரியம் என்ற ரோம வெள்ளிக்காசுதான் தருகிறார்கள், போதவில்லை என்று ரோம ஆளுநரின் நீதிமன்றம்வரை போனவர். 127-இல் அந்தப் பகுதியில் ஒரு குடிமதிப்பு நடந்தபோது, நான்கு தோப்புகளையும் எல்லை குறித்துப் பதிவுசெய்து, உண்மையாகவே சொல்கிறேன் என்று இராயனின் பெயரால் சத்தியமும் செய்திருக்கிறார். கலிலேய யூதாஸ் கலகம் செய்த அதே விஷயம்தான். இவருக்கு அது ஒரு சொத்துப் பத்திரம். கடைசி ஆவணத்தின் தேதி 132 ஆகஸ்ட். அதன்பின் எப்போதோ பத்திரங்களைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு, தான் வழக்குப் போடப் போன அதே ரோமுக்குப் பயந்து செங்குத்துப் பாறையின் நடுவில் இருந்த அந்தக் குகைக்குள் ஏறியிருக்கிறார். மேலே பாறை உச்சியில் ரோமர்கள் போட்ட முகாமின் சுவர்கள் இன்னும் இருக்கின்றன.